பம்ப் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்: ஸ்கீ படகின் எரிபொருள் பம்பை மாற்ற உள்ள வழிகள்

கயிறு இறுகுகிறது, சறுக்குபவர் தண்ணீரிலிருந்து எழுகிறார், வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டுகிறது, சரியாக அந்த நேரத்தில் இன்ஜின் தடுமாறுகிறது. த்ராட்டிலைக் குறைத்தால் தெளிந்துவிடுகிறது, மறுபடி கொடுத்தால் மறுபடியும் அதே தடுமாற்றம். காலையில் இரண்டு சுற்று நன்றாகப் போன படகு, இருபது நிமிடம் அணைத்து வைத்துவிட்டு எடுத்தால் கிளம்பவே அடம்பிடிக்கிறது. நீர்ச்சறுக்குபவரை இழுக்கும், இன்ஜின் உள்ளேயே இருக்கும் இன்போர்டு ஸ்கீ படகு வைத்திருக்கும் பலருக்கும் இது பழக்கமான கதைதான். எரிபொருள் பம்ப் கைவிடப் போகிறது என்பதற்கு இது முதல் அடையாளமாக இருக்கலாம்.

இதைச் சமாளித்து ஓட்டிக்கொண்டே சீசனை முடிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முழு இழுவையில் பெட்ரோல் போதாமல் போனால் கலவையில் காற்று மிஞ்சும், எரியறையில் சூடு ஏறும், பிஸ்டனின் தலையும் எக்ஸாஸ்ட் வால்வும் தீய்ந்துபோகும். ஒரு பம்போடு முடிய வேண்டிய செலவு இன்ஜினையே பிரிக்கும் வேலையில் கொண்டுபோய் விடும். என் பெரிய கவலை அதுகூட இல்லை. படகு நடு நீரில் நின்றுபோகும்போது கயிற்றின் மறுமுனையில் ஒருவர் தலை மட்டும் தெரிய மிதந்துகொண்டிருப்பார், மற்ற படகுகள் வேகமாகப் போய்வரும் பாதையில்.

சரி, மாற்றியே ஆக வேண்டும் என்றானதும் எல்லோரும் கேட்பது "எந்த பம்ப் நல்லது?" என்பதைத்தான். கம்பெனி பெயர், அழுத்தம், விலை, இப்படியே பேச்சு போகும். என் அனுபவத்தில் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உங்கள் படகில் பம்ப் எங்கே இருக்கிறது, டேங்குக்கு உள்ளேயா, வெளியே இன்ஜின் அறையிலா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

இந்தப் படகுகளில் இருக்கும் இன்ஜின்கள் பெரும்பாலும் கார் இன்ஜினின் வார்ப்பிலிருந்து வந்தவை. கரெக்ட் கிராஃப்ட், மாஸ்டர்கிராஃப்ட், மாலிபு என்று படகின் பெயர் எதுவாக இருந்தாலும், அதற்குள் இருக்கும் பிசிஎம், இன்ட்மார் போன்ற இன்ஜின்களின் அடிப்படை ஃபோர்டு 351 அல்லது செவி 350 மாதிரி ஒரு வி8 பிளாக்தான், குறைந்தபட்சம் பழைய படகுகளில். அதனால் கார் கடையில் கிடைக்கும் பம்ப் அப்படியே பொருந்தும், போல்ட் துளைகூட மாறாது. விலையோ படகுப் பம்பின் விலையில் ஒரு பங்குதான். கை அங்கேதான் நீளும்.

ஆனால் காரில் பெட்ரோல் கசிந்தால் கீழே சாலையில் சொட்டும், காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். படகில் கீழே சாலை கிடையாது, மூடிய பில்ஜ்தான், அதாவது தரைப்பலகைக்கு அடியில் உள்ள பள்ளம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அது போய்த் தேங்கும் இடம் அதுதான். காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை இருந்தால் ஒரு சிறு தீப்பொறி போதும். பில்ஜில் கொஞ்சம் பெட்ரோல் கசிந்தால் இந்த அளவை எட்டுவது மிகவும் சுலபம். டேங்குக்குள் நிலைமை நேர்மாறு. அங்கே ஆவி இந்த எல்லைக்கு மிக மேலே இருக்கும், எரிவதற்குப் போதிய காற்றே இருக்காது. அதனால்தான் பிரஷ் உரசித் தீப்பொறி விடும் மோட்டாரை பெட்ரோலுக்குள்ளேயே முக்கி வைத்துக் காலம் தள்ள முடிகிறது. ஒரே மாதிரி மோட்டார், உள்ளே இருக்கும்போது ஒரு கணக்கு, வெளியே இருக்கும்போது வேறு கணக்கு. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

முதலில், பம்ப்தானா?

பம்ப் போன மாதிரியே நடிக்கும் கோளாறுகள் நாலைந்து இருக்கின்றன. என் முதல் ஸ்கீ படகில் மேலே சொன்ன அறிகுறி அத்தனையும் வந்தது, நேரே புதுப் பம்ப் வாங்கிப் பூட்டினேன், அடுத்த நாள் அதே தடுமாற்றம். ஒரு வாரம் தேடிய பிறகு கண்டுபிடித்தது, டேங்கில் பெட்ரோல் வெளியேறும் மூட்டில் இருக்கும் ஆன்டி-சைஃபன் வால்வு. ஸ்ப்ரிங்கும் குண்டும் வைத்த சின்ன வால்வு அது. ஹோஸ் எங்காவது அறுந்தால் டேங்கிலிருந்து பெட்ரோல் தானாக வடிந்து பில்ஜை நிரப்பாமல் தடுப்பதற்காக வைத்தது. அதில் ஒரு துணுக்குக் குப்பை மாட்டிக்கொண்டிருந்தது. மெதுவாகப் போகும்போது தேவையான பெட்ரோல் அதன் வழியாக வந்துவிடும், முழு வேகத்துக்கு வராது. (குண்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டச் சொல்லும் ஆட்கள் உண்டு. செய்யாதீர்கள், புது வால்வு போடுங்கள்.)

அதனால் இப்போது நான் பார்க்கும் வரிசை வேறு. டேங்க் மூடியைத் திறந்துவைத்து ஓட்டிப் பார்ப்பேன், உடனே சரியானால் காற்றுத் துளையில் அடைப்பு. சிலந்தியும் குளவியும் அங்கே கூடு கட்டுவது சர்வ சாதாரணம். அடுத்து தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரைக் கழற்றி, அதில் இருப்பதை ஒரு கண்ணாடிச் சீசாவில் ஊற்றி வைப்பேன். எத்தனால் கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் நின்றால் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு அடியில் தனியாகப் பிரிந்துவிடும், அது கண்ணுக்கே தெரியும். வெளியே பம்ப் உள்ள படகாக இருந்தால் இன்னொரு சோதனை இருக்கிறது, என்னைக் கேட்டால் இதைவிட நல்ல சோதனை இல்லை. அவுட்போர்டு இன்ஜின்களுக்கு வைக்கும் சின்ன கையடக்க டேங்க் ஒன்றை, காற்று புகாத மூட்டோடு பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் மாட்டி ஓட்டுவது. இன்ஜின் ஒழுங்காக ஓடினால் பம்ப் நன்றாக இருக்கிறது, குற்றம் டேங்குக்கும் பம்புக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. அப்படியும் தடுமாறினால் பம்ப் பக்கம் வாருங்கள்.

இன்ஜெக்ஷன் படகில் (கார்ப்பரேட்டர் இல்லாமல், பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் வகை) சாவியைத் திருப்பியதும் இரண்டு மூன்று நொடி பம்ப் முனகி நிற்கும், அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். சத்தமே இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலே (பம்புக்குக் கரன்ட் விடும் ஸ்விட்ச்), அப்புறம் வயர். ரிலே உதவாது என்று தெரிந்துகொள்ள எளிய வழி, பக்கத்திலேயே அதே மாதிரி இருக்கும் இன்னொரு ரிலேயோடு இடம் மாற்றிப் பார்ப்பது. சத்தம் இருந்தும் அழுத்தம் இல்லையென்றால், பம்ப் ஓடும்போதே அதன் இணைப்பியில் வோல்டேஜ் அளந்து பாருங்கள். பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயரிலோ எர்த் இணைப்பிலோ துரு இருக்கிறது. புதுப் பம்ப் போட்டாலும் அதுவும் மெலிந்துதான் ஓடும்.

கடைசியாக, அழுத்தம் காட்டும் கேஜ். கார்ப்பரேட்டர் இன்ஜினுக்கு 4 முதல் 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) போதும், அதற்கு மேல் போனால் மிதவையின் ஊசி வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழியும். இன்ஜெக்ஷனில் வகையைப் பொறுத்து 30-லிருந்து 60 வரை வரும், உங்கள் இன்ஜினின் கையேட்டில் உள்ள எண்தான் கணக்கு. நின்ற இடத்தில் அளப்பது போதாது. கேஜை பத்திரமாகக் கட்டி, இரண்டு பேர் போய், இழுவையில் அளக்க வேண்டும். சோர்ந்த பம்ப் சும்மா நிற்கும்போது சரியான எண்ணைக் காட்டிவிட்டு, வேலை கொடுத்ததும் சரிந்துவிடும். அழுத்தம் குறைவாக இருந்தால், அதைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வாக்குவம் குழாயையும் ஒரு தடவை உருவிப் பாருங்கள். அதில் பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கிறது.

கார்ப்பரேட்டர் படகு: மெக்கானிக்கல் பம்பா, எலக்ட்ரிக்குக்கு மாறுவதா?

பழைய படகுகளில் பம்ப் இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும். கேம்ஷாஃப்ட் ஒரு கையை ஆட்ட, அது உள்ளே இருக்கும் டயாஃப்ரத்தை மேலும் கீழும் இழுக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. இது வெளியே இருக்கும் பம்ப், ஆக பில்ஜ் கணக்குதான் இதற்கு.

கார் பம்புக்கும் படகுப் பம்புக்கும் இங்கே இருக்கும் வித்தியாசம் முழுக்க அந்த டயாஃப்ரம் கிழியும் தருணத்தில்தான். கார் பம்பில் கிழிந்தால் அடியில் உள்ள சின்னத் துளை வழியாகப் பெட்ரோல் வெளியே சொட்டும், இல்லாவிட்டால் இன்ஜின் ஆயிலுக்குள் இறங்கும். காரில் அது ஒரு தொல்லை. படகில் அது நேரே பில்ஜுக்குப் போகும் பெட்ரோல். படகுக்கென்று செய்த பம்பில் இரட்டை டயாஃப்ரம் இருக்கும், முதலாவது கிழிந்தாலும் பெட்ரோல் வெளியே வராது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடத்திலிருந்து உள்ளிருப்பது தெரியும் ஒரு சிறு குழாய் மேலே கார்ப்பரேட்டருக்குப் போகும். அந்தக் குழாயில் பெட்ரோல் தெரிந்தால் உள்ளே கிழிந்துவிட்டது என்று அர்த்தம். கெட்டுப்போனதை அதுவே காட்டிக்கொடுக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. அமெரிக்காவின் கடலோரக் காவல்படை விதிகளும் இதைத்தான் கேட்கின்றன, முதல் டயாஃப்ரம் கிழிந்தாலும் பம்ப் வெளியே கசியக்கூடாது என்று. ஆகவே கார் மெக்கானிக்கல் பம்பை நான் தேர்வுப் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை.

மிச்சம் இருப்பவை இரண்டு. அதே மாதிரி மெக்கானிக்கல் படகுப் பம்ப், அல்லது எலக்ட்ரிக்.

மெக்கானிக்கலின் நல்ல குணம், இன்ஜின் நின்றால் அதுவும் நிற்கும். வயர் இல்லை, ரிலே இல்லை, துருப்பிடிக்கும் இணைப்பி இல்லை. இரண்டு போல்ட், இரண்டு குழாய், ஒரு கேஸ்கட், ஒரு மணி நேர வேலை. செவி பிளாக்காக இருந்தால் பம்பின் கையை ஆட்டும் தள்ளுதண்டு கீழே நழுவி வந்து உயிரை வாங்கும். அதில் நன்றாகக் கெட்டியான கிரீஸ் தடவி மேலே தள்ளி நிறுத்தினால், பம்பைப் பூட்டும் வரை ஒட்டிக்கொண்டிருக்கும். குறை என்று பார்த்தால், பல வாரம் நின்ற படகில் கார்ப்பரேட்டர் கிண்ணத்தின் பெட்ரோல் ஆவியாகியிருக்கும், ஸ்டார்ட்டரை நீண்ட நேரம் சுற்றினால்தான் பம்ப் அதை மறுபடி நிரப்பும். இன்ஜின் சூட்டிலேயே பம்ப் இருப்பதால் வெயில் நாளில் நிறுத்தி எடுக்கும்போது பெட்ரோல் குழாயில் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்வதும் உண்டு.

எலக்ட்ரிக் இந்த இரண்டு குறையையும் தீர்க்கிறது. அதை மறுக்கவே முடியாது, மாற்றியவர்கள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் அதைச் சரியாகப் பொருத்துவது பம்ப் விலையோடு முடிகிற காரியம் இல்லை. பம்ப் இக்னிஷன் ப்ரொடெக்டட் வகையாக இருக்க வேண்டும், அதாவது சுற்றிலும் எரியக்கூடிய வாயு இருந்தாலும் தன் தீப்பொறியால் அதைப் பற்றவைக்காது என்று எஸ்ஏஇ ஜே1171 போன்ற தரத்தில் சோதித்தது. அதன் இடம் இன்ஜின் மீதோ, இன்ஜினிலிருந்து 12 அங்குலத்துக்குள்ளோ. அழுத்தம் கார்ப்பரேட்டர் தாங்கும் அளவுக்குள் நிற்க வேண்டும். பிளாக்கில் பழைய பம்ப் இருந்த வாயை ஒரு தகடால் மூட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வயரிங். இன்ஜின் ஓடும்போதும் ஸ்டார்ட் செய்யும்போதும் தவிர பம்ப் ஓடவே கூடாது. அதற்கு ஆயில் பிரஷர் ஸ்விட்ச் ஒன்றை நடுவில் போடுவார்கள். ஆயில் அழுத்தம் இருந்தால்தான் பம்புக்குக் கரன்ட், ஸ்டார்ட்டர் சுற்றும் நேரத்துக்கு மட்டும் தனி வழி. இது இல்லாமல் சாவியோடு நேராக இணைத்த படகை நான் ஒரு முறை பார்த்தேன். இன்ஜின் நின்றுபோய் சாவி திறந்தே இருந்தது, கார்ப்பரேட்டரின் ஊசி வால்வு தூசியில் மாட்டிக்கொண்டு மூடவில்லை, பம்ப் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தது. பெட்ரோல் வாசனை வந்ததால் பிழைத்தோம்.

என் தீர்ப்பு: படகு வாரா வாரம் ஓடுகிறது, சூட்டில் எடுப்பதில் பெரிய தொல்லை இல்லை என்றால் மெக்கானிக்கலே போதும், அதையே மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிற்கும் படகு, அல்லது சூட்டில் எப்போதும் தகராறு செய்யும் படகு என்றால் எலக்ட்ரிக்குக்குப் போகலாம், அதுவும் வயரிங்கை முழுமையாகச் செய்யும் பொறுமை இருந்தால் மட்டும்.

இன்ஜெக்ஷன், ஆனால் பம்ப் வெளியே

இதில் ஒரு வகை, இன்ஜின் மீது ஒரு உலோகக் குடுவை. பிசிஎம் இன்ஜின்களில் இதை எஃப்சிசி என்பார்கள், 1990களின் ஜிடி-40 இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். குறைந்த அழுத்தப் பம்ப் ஒன்று டேங்கிலிருந்து உறிஞ்சிக் குடுவையை நிரப்பும், உயர் அழுத்தப் பம்ப் அங்கிருந்து எடுத்து இன்ஜெக்டர்களுக்குத் தள்ளும். ஆக இரண்டு பம்ப், இரண்டில் எது போனாலும் அறிகுறி கிட்டத்தட்ட ஒன்றுதான். கேஜை மாட்டி, அழுத்தம் முதலில் சரியாக இருந்து பிறகு மெல்லச் சரிகிறதா, முதலிலிருந்தே குறைவா என்று பாருங்கள். முதலில் சரியாக இருந்து பிறகு விழுந்தால் குடுவை காலியாகிறது, குறைந்த அழுத்தப் பம்ப் அல்லது அதற்கு முந்தைய பாதையைச் சந்தேகியுங்கள். முதலிலிருந்தே குறைவு என்றால் உயர் அழுத்தப் பம்ப்.

இங்கே வழிகள் மூன்று. முழுக் குடுவையையும் புதிதாக வாங்குவது. கெட்ட பம்பை மட்டும் படகுப் பாகமாகவே வாங்குவது. உருவத்திலும் அழுத்தத்திலும் ஒத்துப்போகும் கார் பம்பை வாங்குவது. மூன்றாவதைப் பற்றி நிறைய விவாதம் உண்டு, "உள்ளே இருக்கும் மோட்டார் அதேதான்" என்பார்கள். மோட்டார் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் வெளியே தெரியும் மின்முனைகள், உறையின் அடைப்பு, நெருப்பில் எவ்வளவு நேரம் கசியாமல் தாங்கும் என்ற சோதனை, இவை வேறு. இந்த ஏற்பாடு முழுக்க பில்ஜுக்கு மேலே, இன்ஜின் அறையில் நிற்கிறது. வெளியே நிற்கும் பம்புக்குப் படகுத் தரம்தான், இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

முதல் இரண்டுக்குள் தேர்வு குடுவையின் நிலையைப் பொறுத்தது. உள்ளே துருவோ வெள்ளைப் பூப்போ படிந்து, அந்தத் துகள்தான் பம்பைக் கொன்றிருக்கிறது என்றால் பம்பை மட்டும் மாற்றுவதில் பயனில்லை, அடுத்ததும் அதே வழியில் போகும். குடுவை சுத்தமாக இருந்தால் பம்பும் அதன் ரப்பர் ஓ-ரிங் வளையங்களும் போதும். ஒரு பம்ப் வயதாகிப் போயிருந்தால் மற்றதையும் கையோடு மாற்றிவிடுவது நல்லது, இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை.

பம்ப் டேங்குக்குள்ளே

இன்ஜெக்ஷன் வந்த பிறகு பல ஸ்கீ படகுகளில் பம்ப் டேங்குக்குள் போய்விட்டது. டேங்கின் மேல்தட்டில் ஒரு மூடி, அதிலிருந்து தொங்கும் சட்டம், அடியில் பம்ப், அதன் வாயில் சாக்ஸ் மாதிரி ஒரு சல்லடை. சிலவற்றில் ரெகுலேட்டரும் அளவுமானியின் மிதவையும் அதே சட்டத்தில். முழுவதையும் சேர்த்து மாடியூல் என்பார்கள்.

இங்கேதான் தேர்வு நிஜமாகவே திறக்கிறது, ஏனென்றால் பம்ப் பெட்ரோலுக்குள் மூழ்கியிருக்கிறது. முழு மாடியூலையும் படகு அல்லது இன்ஜின் தயாரிப்பாளரிடமிருந்து வாங்கலாம், விலை கண்ணைக் கட்டும். அல்லது சட்டத்திலிருந்து பம்பை மட்டும் உருவி, அதே அளவும் அழுத்தமும் கொண்ட டேங்க் பம்பைப் போடலாம். மாடியூலுக்குள் இருப்பது பெரும்பாலும் கார்களுக்கும் பம்ப் செய்யும் ஒரு நிறுவனத்தின் பம்ப்தான், உருவிப் பார்த்தால் அதன் உடம்பிலேயே எண் பொறித்திருக்கும். மூழ்கும் இடத்துக்கென்றே செய்த பம்ப் என்பதால் இங்கே எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. விலை வித்தியாசம் பல மடங்கு, நான் இரண்டு படகில் இப்படிச் செய்திருக்கிறேன்.

ஆனால் பம்பை மட்டும் மாற்றுவதென்றால் அதைச் சுற்றியுள்ள சின்ன விஷயங்களில் கவனம் வேண்டும், வேலை கெட்டுப்போவது அங்கேதான். பம்பிலிருந்து மூடிக்குப் போகும் அந்தச் சாண் நீள ஹோஸ் உள்ளும் வெளியும் பெட்ரோலில் ஊறுகிறது. சாதாரண எரிபொருள் ஹோஸின் உட்பக்கம் மட்டும்தான் பெட்ரோலைத் தாங்கும், வெளித்தோல் சில மாதத்தில் ஊதி, மென்மையாகி, பிளக்கும். மூழ்கிக் கிடக்கச் செய்த ஹோஸ் தனியாக உண்டு, அதன் மேல் எஸ்ஏஇ 30ஆர்10 என்று எழுதியிருக்கும். அதுதான் வேண்டும், வேறு எதுவும் வேண்டாம். இந்த ஹோஸ் பிளந்தால் பம்ப் நன்றாக ஓடியும் அழுத்தம் வராது, புதுப் பம்ப் மீது பழி விழும். வயரும் அப்படித்தான், பம்போடு வரும் பெட்ரோல் தாங்கும் வயரைப் பயன்படுத்துங்கள், கையில் கிடைத்த வயரை உள்ளே விடாதீர்கள். சல்லடை எப்போதும் புதிது. மூடியின் கேஸ்கட்டும் புதிது, பழையது ஒருமுறை ஊதிவிட்டால் திரும்ப உட்காராது.

அளவு விஷயத்தில் இன்னொரு சபலம் வரும், "கொஞ்சம் பெரிய பம்பாகப் போட்டுவிடலாமே" என்று. வேண்டாம். இன்ஜின் குடிப்பது அதன் அளவுக்குத்தான். மிச்சத்தை ரெகுலேட்டர் திருப்பி அனுப்ப வேண்டும், அதால் முடியாத அளவுக்கு வந்தால் அழுத்தம் ஏறும், கலவை கெடும். திரும்பத் திரும்பச் சுற்றும் பெட்ரோல் சூடாகவும் ஆகும். கரன்டும் அதிகம் இழுக்கும், அந்தக் கனத்துக்கு உங்கள் வயரும் ரிலேயும் செய்யப்படவில்லை.

முழு மாடியூல் எப்போது? மூடியின் அடியில் மின்முனைகள் கருகியோ உருகியோ இருந்தால். பிளாஸ்டிக் சட்டம் கையில் எடுக்கும்போதே நொறுங்கினால். உள்ளேயே இருக்கும் ரெகுலேட்டரும் சந்தேகமாக இருந்து, அது தனியாகக் கிடைக்காவிட்டால். அளவுமானியும் பொய் சொல்லிக்கொண்டிருந்தால். இதில் ஒன்று இருந்தாலே நான் மாடியூல் பக்கம் சாய்வேன், இரண்டு இருந்தால் யோசிக்கவே மாட்டேன். மின்முனை கருகிய மூடியில் புதுப் பம்பை மாட்டுவது மட்டும் எந்த விலை வித்தியாசத்துக்கும் தகாது.

எட்டும் வசதியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சில படகில் பின் இருக்கையைத் தூக்கினால் மூடி கண்முன்னே இருக்கும், இரண்டு வருடத்தில் மறுபடி திறக்க நேர்ந்தாலும் கவலையில்லை. சிலவற்றில் இருக்கை, தரைப்பலகை, எடைக்குத் தண்ணீர் நிரப்பும் பேலஸ்ட் குழாய் என்று அரை நாள் கழற்றினால்தான் கை நுழையும். அப்படிப்பட்ட படகில் விலையை மட்டும் பார்த்து மலிவான பம்பை வைத்து மூடாதீர்கள், பெயர் பெற்ற நிறுவனத்தின் அசல் பம்ப் என்று உறுதியான இடத்தில் வாங்குங்கள். எரிபொருள் பம்பில் போலிகள் ஏராளம், டப்பாவும் ஸ்டிக்கரும் அச்சு அசலாக இருக்கும்.

எதை வாங்கினாலும், கழற்றும் நாளில்

பேட்டரியைத் துண்டிப்பதற்கு முன், இன்ஜின் அறையின் ஆவியை வெளியேற்றும் ப்ளோயரைக் குறைந்தது நான்கு நிமிடம் ஓட்டுங்கள், அப்புறம் துண்டியுங்கள். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில். இன்ஜெக்ஷன் என்றால், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் ரெயிலில் உள்ள அழுத்தத்தை முதலில் இறக்க வேண்டும், துணியைச் சுற்றிக்கொண்டு மெதுவாக. டேங்க் கால்வாசிக்குக் கீழே இருக்கும்போது வேலையை வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி இல்லை. திறந்த டேங்கின் பக்கத்தில் சாதாரண ட்ரில், எரியும் பல்பு, சூடான சாலிடர் எதுவும் கூடாது. படகை மூடிய கொட்டகைக்குள் வைத்து இதைச் செய்யாதீர்கள்.

வெளியே ஹோஸ் மாற்றும்போது படகுக்கான ஏ1 வகை ஹோஸ், நெருப்பில் இரண்டரை நிமிடம் தாங்கச் சோதித்தது. டேங்க் பம்ப் உள்ள படகில் பம்புக்குப் பிறகு வரும் ஃபில்டர் அந்த அழுத்தத்தைத் தாங்குவதாக இருக்க வேண்டும். உறிஞ்சும் பாதைக்குச் செய்த சாதாரணச் சுழற்றிப் பூட்டும் ஃபில்டரை 60 பிஎஸ்ஐ வரும் இடத்தில் போட்டால் அது பிளந்து பெட்ரோலை பில்ஜில் பீய்ச்சும்.

பூட்டி முடித்ததும், இன்ஜெக்ஷன் படகில், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் நாலைந்து தடவை திருப்பி நிறுத்துங்கள். அழுத்தம் ஏறும், கசிவு இருந்தால் அப்போதே தெரியும். ஒவ்வொரு மூட்டையும் காய்ந்த துணியால் துடைத்து, துணியை மோந்து பாருங்கள். மூக்கைவிட நல்ல கருவி இந்த இடத்தில் இல்லை. பிறகு நின்ற இடத்தில் பத்து நிமிடம், மறுபடி துணி. அதன் பிறகு, கயிற்றில் யாரும் இல்லாமல் முழு த்ராட்டிலில் ஒரு நீண்ட ஓட்டம், கேஜோடு. இருபது நிமிடம் அணைத்து வைத்து, சூட்டில் மறுபடி எடுத்துப் பாருங்கள், முதலில் கோளாறு காட்டிய அதே வழியில். இத்தனையும் தேறிய பிறகுதான் ஒருவரைத் தண்ணீரில் இறக்குங்கள். டேங்க் பம்ப் வைத்திருப்பவர்கள் இனிமேல் டேங்கைக் கால்வாசிக்குக் கீழே விடாமல் இருந்தால் நல்லது, சுற்றி நிற்கும் பெட்ரோல்தான் அந்த மோட்டாரைக் குளிர்விக்கிறது.

பழைய பம்பை உடனே தூக்கி எறிந்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் பெட்ரோலை வடித்து, திறந்தவெளியில் இரண்டு மூன்று நாள் உலரவிட்டு, அதன் வாயையும் சல்லடையையும் வெள்ளைக் காகிதத்தின் மேல் தட்டிப் பாருங்கள். நான் கடைசியாக மாற்றிய ஒரு வெளிப் பம்பிலிருந்து துருவும் வரவில்லை, தண்ணீரும் வரவில்லை, கறுப்பாக ரப்பர் துகள்கள் கொட்டின. பம்புக்கும் டேங்குக்கும் நடுவில் இருந்த ஹோஸ் உட்பக்கமாக உதிர்ந்துகொண்டிருந்தது, வெளியே தொட்டுப் பார்த்தால் புதிது மாதிரியே இருந்தது. அந்த வாரமே அதையும் டேங்க் வரைக்கும் மாற்றினேன்.